கிலோவுக்கு ஐம்பது கிராம்

மழை பதினோரு நாளாக நின்றபாடில்லை. மழைக்காலத்து வெங்காயத்தை நம்பவே முடியாது. மேலே தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே கூழாகியிருக்கும். மூட்டையைப் பிரித்துக் கொட்டி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். கடையின் பின்பக்கம், கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து அவள் அந்த வேலையைத்தான் காலை ஆறு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு பக்கம், இன்றைக்கே விற்றாக வேண்டியது ஒரு பக்கம், குப்பைக்குப் போவது ஒரு பக்கம். அழுகல் தண்ணீர் விரலிடுக்கில் இறங்கி நகக்கண்ணில் எரிந்தது.

கைவாடை போக எவர்சில்வர் கரண்டியைத் தண்ணீரில் பிடித்துக் கையோடு சேர்த்துத் தேய்க்கலாம் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். தேய்த்துப் பார்த்தாள். கரண்டியும் சேர்ந்து நாறியது.

நாத்தனார் என்றால் கடைக்காரனின் அக்கா. புருஷன் செத்ததும் தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்து ஆறு வருஷம் ஆகிறது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயமும் உருளைக்கிழங்கும். அந்தப் பக்கம் நாத்தனாரின் ராஜ்ஜியம். அவள் கையில் ஒரு போன். போனில் ஒரு குழு. குழுவில் நானூறு பெண்கள். தினமும் விடிந்ததும் குடும்பத்துக்குப் பத்துக் குறிப்புகள் வந்து விழும். பற்பசைக் குழாயை வெட்டி வழித்தால் இன்னும் நாலு நாள் ஓடும். சோப்பை இரண்டாக அறுத்துக் காயவைத்தால் சீக்கிரம் கரையாது. குழாய் வாயில் துணி கட்டினால் தண்ணீர் மிச்சம். பிள்ளை அழுதவுடன் தூக்கினால் அடம் வளரும். இந்தக் குறிப்புகளில் பாதி சரியானவைதான். தொல்லையே அதுதான். பாதி சரியாக இருந்ததால் மீதியை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பாப்பாவைப் பெற்ற மூன்றரை மாதத்தில் அவள் கடைக்குத் திரும்பினாள். மூட்டை வந்து இறங்கும் பருவம், கை பத்தவில்லை. காலையில் போனால் சாயங்காலம் வரை பிரித்துக் கொட்டுவதும் பொறுக்குவதும் நிறுப்பதும்தான். மாரில் பால் கட்டி, வலித்து, பிறகு வற்றிப்போனது. டப்பாப் பால் வந்தது. கலக்குவது, கொடுப்பது, புட்டியை வெந்நீரில் போடுவது எல்லாம் நாத்தனார். அவளுக்குப் பிள்ளை கிடையாது. இந்தப் பிள்ளையைத் தரையில் விடமாட்டாள்.

"கெட்டியாக் குடுத்தா வயித்தைக் கட்டும்னு குழுவுல போட்டிருக்காங்க" என்று ஒரு நாள் சொன்னாள். "கொஞ்சம் தண்ணியாக் குடுத்தா நல்லாச் செரிக்குமாம். டப்பாவும் ஒரு வாரம் கூட வரும். ஒரு மாசம் பாப்போம். எடை ஏறலைன்னா விட்டுடலாம்."

அவள் கை நிறைய உருளைக்கிழங்கோடு நின்றிருந்தாள். சரி அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை.

எடை பார்க்க ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் வரச் சொல்லியிருந்தார்கள். கடைசித் தடுப்பூசியன்று அங்கே ஐந்து கிலோ நானூறு. அடுத்த மாதம் கடைக்காரன் தடுத்தான்.

"எதுக்கு? கடையிலயே தராசு இருக்கு. அரை நாள் வரிசையில நின்னு, அங்க உக்காந்திருக்கிறவன் சளியை எல்லாம் புள்ளைக்கு வாங்கிட்டு வர்றதுக்கா?"

அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் தட்டைத் துடைத்துத் துண்டு விரித்து, பொத்தானை அமுக்கிச் சைபர் ஆக்கி, பாப்பாவைப் படுக்க வைப்பான். சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும். பென்சிலால் சுவரில் எழுதுவான். முதலில் 5.680. பிறகு 5.940. போன சனிக்கிழமை 6.140. நாத்தனார் அந்த எண்ணோடு பாப்பாவைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். நீர்க்கக் கலந்த பாலில் வளரும் எங்கள் வீட்டுத் தங்கம் என்று கீழே எழுதினாள். கைதட்டும் படங்கள் ஐம்பது அறுபது வந்தன.

ஒவ்வொரு தடவையும் அவள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வாள். கிலோவுக்கு ஐம்பது கழிக்கிற கணக்கு.

அது அவளுக்கும் கடைக்காரனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கடை திறந்து மூன்று வருஷம். திறந்த நாளிலிருந்தே தராசு அப்படித்தான். தட்டில் தொள்ளாயிரத்து ஐம்பது இருந்தால் எண் ஆயிரம் காட்டும். தோல் உதிருது, மண் உதிருது, அழுகினதைக் கழிக்கிறோம், அதுக்கெல்லாம் யார் குடுப்பா என்று கேட்டான். அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பேசினாள். சாப்பிடுகிற சோறு அதிலிருந்துதானே வருகிறது. பிறகு அவளே அந்தத் தராசின் முன்னால் நின்று அதே முகத்தோடு ஊருக்கெல்லாம் நிறுத்துப் போட்டாள். நாத்தனாருக்குத் தெரியாது. தம்பி ஒரு பைசா ஏமாற்றமாட்டான் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிவாள்.

அதனால் ஆறு நூற்று நாற்பது என்றால் அவளுக்கு ஐந்து எண்ணூற்றுச் சொச்சம். ஐந்து நானூறிலிருந்து ஐந்து எண்ணூறு. கொஞ்சம் மெதுவு. ஆனாலும் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தையல்காரி வந்தது பதினோராவது நாள் மழையில்தான். நாலு கடை தள்ளி அவள் கடை. குடையை மடக்காமலே உள்ளே நுழைந்தாள்.

"ஒரு கிலோ உருளை. அப்படியே பாப்பாவைக் கொண்டாங்க. அன்னைக்குத் தச்ச துணியில மீதி கெடக்கு, இன்னொரு சட்டைக்கு ஆகும். அளவு எடுத்துக்கிறேன்."

நாத்தனார் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டி வந்தாள். தையல்காரி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துப் பாப்பாவின் மாரைச் சுற்றினாள். பார்த்தாள். அவிழ்த்து மறுபடி சுற்றினாள். இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினாள்.

"பதினஞ்சரை" என்றாள்.

"சரி, எழுதிக்க" என்றான் கடைக்காரன்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாலயும் பதினஞ்சரை."

"டேப்பை இறுக்கிப் பிடிச்சிருப்பே."

"இறுக்கிப் பிடிச்சா பதினஞ்சுதான் வரும். அதைச் சொல்ல வேணாம்னு விட்டேன்."

"ஆறு கிலோ நூத்தி நாப்பது. சனிக்கிழமை போட்டது. செவத்துல இருக்கு, பாத்துக்க."

"செவத்துல இருக்கு. புள்ளை மேல இல்லையே."

நாத்தனார் பாப்பாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "சில புள்ளைங்களுக்கு எலும்பு கனம். பாத்தா ஒல்லியாத்தான் தெரியும்."

"எலும்பு கனமா இருக்கட்டும்மா. அது ஏன் வெளிய தெரியுது?" தையல்காரி பாப்பாவின் தொடையை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் உடனே இறங்கவில்லை. துணியில் விழுந்த மடிப்பு மாதிரி நின்று, பிறகு மனசில்லாமல் படிந்தது. "அழுவுதா?"

"அழவே மாட்டா. தங்கம். போட்ட எடத்துல கெடப்பா."

"எத்தனை நாளா?"

நாத்தனார் யோசித்தாள். "ஒரு மூணு வாரமா ரொம்ப நல்லாயிட்டா."

தையல்காரி திரும்பினாள். பின்பக்கம் மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கையில் ஒரு வெங்காயத்தை அழுத்தியபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தொடையில் மடிப்பு நின்றதை அவளும் பார்த்தாள். தினமும் குளிப்பாட்டித் துடைத்து மாவு போட்டு நாத்தனார் கொடுக்கும் பிள்ளையை, சாயங்காலம் அரைத் தூக்கத்தில் மடியில் வாங்கிக்கொள்ளும் பிள்ளையை, வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தாள். விரல் வெங்காயத்துக்குள் இறங்கிவிட்டது. கூழ் வழிந்தது.

எழுந்து கையைக் கழுவினாள். பாப்பாவை வாங்கிப் போர்வையில் சுற்றினாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றான் கடைக்காரன். "மூட்டை பாதி கெடக்கு."

"கெடக்கட்டும்."

"அவ ஏதோ டேப்பைப் பிடிச்சுக்கிட்டு உளர்றா, நீயும்."

"அவ டேப்பு காசு வாங்கிட்டு அளக்கல" என்றாள் அவள். அந்த வார்த்தை ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தையல்காரி தன் குடையைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு எல்லாம் ஈரம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நர்ஸ் கொஞ்சம் வயசானவள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தாள். பாப்பாவின் சட்டையையும் துணியையும் உருவிவிட்டுத் தராசில் வைத்தாள். எண் ஓடி நின்றது.

"அஞ்சு இருநூத்தி இருபது."

"தப்பு" என்றாள் அவள்.

"என்ன தப்பு?"

"எங்க தராசுல ஆறு நூத்தி நாப்பது."

"எந்தத் தராசு?"

"கடைத் தராசு. வெங்காயக் கடை."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. "புள்ளையை வெங்காயத் தராசுலயா நிறுப்பாங்க?"

அவளுக்கு உச்சந்தலை சூடேறியது. "தராசுன்னா எல்லாம் தராசுதான். நாள் முழுக்க அது முன்னால நிக்கிறவ நான். உங்க தராசைச் சரி பாத்து எத்தனை வருஷமாச்சு? தினம் நூறு புள்ளை ஒண்ணுக்குப் போற தட்டு. அது எப்படி ஒழுங்காக் காட்டும்?"

நர்ஸ் பாப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பலகைக்குக் கீழே குனிந்து ஒரு இரும்புப் படிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கித் தட்டில் வைத்தாள். ஐந்து கிலோக் கல். எண் 5.000 என்று நின்றது. ஒரு புள்ளி கூட அசையவில்லை.

"தினம் காலையில இதை வச்சுப் பாத்துட்டுத்தான் புள்ளையை வைப்போம். வேற ஏதாவது பாக்கணுமா?"

அவள் நின்றாள். ஆறு நூற்று நாற்பதில் கிலோவுக்கு ஐம்பது போனால் ஐந்து எண்ணூற்றுச் சொச்சம் வர வேண்டும். வரவில்லை. நூறு போனால் ஐந்தரை. அதுவும் இல்லை. நூற்றைம்பது கழித்துப் பார்த்தாள். வந்தது. பத்து கிராம் கூடப் பிசகாமல் வந்தது.

அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. நனைந்த செருப்போடு, பத்துப் பேர் முன்னால், வற்றிப்போன பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் புருஷன் எப்போது எவ்வளவு ஏற்றினான் என்பதை மனக்கணக்காகப் போட்டுத் தெரிந்துகொண்டாள். முதல் எண் எழுதியபோது ஐம்பது. இரண்டாவதில் நூறாகத்தான் இருக்கும். மூன்றாவதில் நூற்றைம்பது. சுவரில் ஏறியது அந்தத் திருட்டுத்தான். பிள்ளை இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா இளம்வயசு. பாப்பாவின் கையைத் தூக்கி விட்டாள். அது தானாக விழுந்தது. "பால் எப்படிக் கலக்குறீங்க?"

"நாத்தனார்தான் கலக்குவாங்க."

"போன் போட்டுக் கேளுங்க. நானும் கேக்கிறேன்."

ஸ்பீக்கரில் நாத்தனார் உற்சாகமாகத்தான் பேசினாள். "நாலு கரண்டி போடற தண்ணிக்கு ரெண்டு. ரெண்டுதான் போடுவேன். குழுவுலயே அப்படித்தான் போட்டிருக்காங்க. வயிறு இதுவரைக்கும் கட்டினதே இல்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு மாசமா இந்தப் புள்ளை பாதி வயித்துக்குத்தான் குடிச்சிருக்கு. மீதி தண்ணி. அழறதை நிறுத்தினது நல்ல புள்ளைங்கிறதால இல்ல, அழத் தெம்பு இல்லாததால. நீங்க கவனிக்கலையா?"

"இல்ல" என்றாள். வேறு என்ன சொல்ல.

"இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா இங்க வந்து என்கிட்டப் பேசிட்டிருக்க மாட்டீங்க. கட்டில் போடச் சொல்றேன்."

வார்டில் எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரம் அவளுக்கு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பூட்டுக்கடைக்காரனின் மனைவி. தன் பையனுக்கு நெஞ்சுச் சளி என்று வந்தவள். அவளும் வெங்காயம் வாங்குவது இவர்கள் கடையில்தான்.

கடைக்காரனும் நாத்தனாரும் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்கள். டாக்டரம்மா சொன்னதை வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். வந்தவன் நேராக அக்காவிடம் திரும்பினான்.

"எல்லாம் இந்தக் கண்றாவியால வந்தது" என்று அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தான். "குறிப்பு, குறிப்பு, குறிப்பு. புள்ளை பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பெறாதவ கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வார்டு முழுக்கக் கேட்டது. நாத்தனார் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்.

"நீதானடா ஏறுது ஏறுதுன்னு எழுதின. ஏறலைன்னா விட்டுடலாம்னு அன்னைக்கே சொன்னேனே. ஒரு தடவை கம்மியா வந்திருந்தாக் கூட நான் நாலு கரண்டி போட்டிருக்க மாட்டேனா?"

கடைக்காரன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள். இப்போது சொல்வான் என்று நினைத்தாள். அவன் சொல்லவில்லை. "வாயை மூடு" என்று மட்டும் சொன்னான்.

பாப்பாவை நாத்தனார் மடியில் கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள். "வா" என்றாள் அவனிடம். கல்யாணம் ஆனதிலிருந்து அவனை வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

தாழ்வாரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார்கள். கூரையிலிருந்து கொட்டும் தண்ணீர் சிமெண்டில் தெறித்துக் காலை நனைத்தது.

"நூறு எப்போ ஏத்தினே?"

"எந்த நூறு?"

"நடிக்காதே. அஞ்சு தொள்ளாயிரத்து நாப்பது எழுதினே பாரு, அதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

அவன் முகம் மாறியது. நாலு எட்டுத் தள்ளி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். "மழைக்காலம் ஆரம்பிச்சப்போ. எல்லாரும் ஏத்தினாங்க. மூட்டையில கால்வாசி அழுகல்னு உனக்கே தெரியும். எங்க போய் எடுக்கிறது?"

"நூத்தம்பது?"

"லாரி வராத வாரம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்பதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே. நூத்தம்பதுன்னா வீட்டை விட்டே போயிருப்பே."

"சரி. எனக்குச் சொல்லல. புள்ளையைத் தூக்கித் தட்டுல வச்சியே, அப்போ உனக்கு நீயே சொல்லிக்கலையா?"

அவன் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு பேசியபோது குரலில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சத்தியமா அது ஞாபகத்துக்கே வரல. கஸ்டமர் வந்தா அது கடைத் தராசு. பாப்பாவை வைக்கும்போது அது ஏதோ வேற சாமான் மாதிரித்தான் தெரிஞ்சுது. ஏறியிருக்குன்னு பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"ஊரை ஏமாத்துற பொருள் உன்னை மட்டும் ஏமாத்தாதுன்னு நெனச்சே."

"சத்தம் போடாதே."

"போய் அண்ணிகிட்டச் சொல்லு."

"அக்காகிட்டயா?" அவன் நிஜமாகவே பயந்தான். "அது தெருவெல்லாம் என்னைப் பத்திச் சொல்லிட்டுத் திரியுது. இப்போ போய்ச் சொன்னா அது செத்துடும். பாலைத் தண்ணியாக் கலந்தது அதுதானே, இல்லைன்னு ஆயிடுமா? புள்ளை தேறட்டும், மெதுவா நானே சொல்லிக்கிறேன்."

அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் வேலை வேலைதான். மூன்று மணிக்கொரு தடவை பால். தண்ணீரை ஊற்றி, பொடியைக் கரண்டியில் அள்ளி, கரண்டி விளிம்பில் கத்தியால் வழித்துச் சமமாக்கி, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று வாய்விட்டு எண்ணிப் போட வேண்டும். நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பாள். முதல் நாள் பாப்பா பாதியைக் கக்கியது. இரண்டாம் நாள் குடிக்கக் குடிக்கத் தூங்கிப்போனது. உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் எடை ஒரு கிராம் ஏறவில்லை. அவளுக்குக் கண் எரிந்தது, முதுகு இரண்டாகப் பிளந்தது. அந்த வலி அவளுக்குத் தேவையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

கடைக்காரன் மத்தியானம் வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் கொண்டுவருவான். அவள் ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கிழங்கை அவனிடமே தள்ளிவிடுவாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லுவது காதில் விழும். "எங்க அக்கா பண்ணின வேலைங்க. பாவம், தெரியாமப் பண்ணிட்டுது. போன்ல வர்றதையெல்லாம் நம்புற ஆளு." அக்காவை மன்னித்துவிட்ட தம்பியின் குரல். பூட்டுக்கடைக்காரன் மனைவி உச்சுக்கொட்டுவாள். நாத்தனாரை ஒரு மாதிரி பார்ப்பாள்.

நாத்தனார் வாசற்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். புட்டியைத் தொடக்கூடாது என்று தம்பி உத்தரவு. அழுக்குத் துணியை மட்டும் எடுத்துப்போய்த் துவைத்துக்கொண்டு வருவாள். அவள்மீது கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ரெண்டு கரண்டி என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் அந்த நரைத்த தலையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு எல்லை இருந்தது. நாத்தனார் தனக்குத் தெரிந்ததை, சுவரில் எழுதியிருந்த எண்ணை நம்பிச் செய்தாள். மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை. மழை விட்டுச் சுருக்கென்று வெயில் அடித்தது. நர்ஸ் கல்லை வைத்து எடுத்துவிட்டுப் பாப்பாவை வைத்தாள். "அஞ்சு முந்நூத்திப் பத்து" என்றாள். முதல் தடவையாகக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தாள். "ஏறுது."

கட்டிலுக்கு வந்து சொன்னபோது கடைக்காரனும் அங்கே நின்றிருந்தான்.

"அஞ்சு நாள்ல தொண்ணூறு கிராம்தானா?" என்றான்.

"கிலோவுக்கு நூத்தம்பது எடுத்தவனுக்குத் தொண்ணூறு கம்மியாத்தான் தெரியும்."

பூட்டுக்கடைக்காரன் மனைவி தலையைத் திருப்பினாள். கடைக்காரன் அவளை முறைத்தான். அந்த நேரம் பார்த்து வாசற்படியில் நாத்தனாரின் போன் உறுமியது. அவள் எடுத்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள். எழுந்து உள்ளே வந்தாள். 

"ஒரு பொண்ணு கேட்டிருக்கு. குழுவுலதான். அவ புள்ளைக்கு மூணு மாசமாம். உங்க பாப்பா மாதிரி ஆகணும், எத்தனை தண்ணிக்கு எத்தனை கரண்டின்னு கேக்குது." அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நான் தப்பாக் கலந்துட்டேன்னு எழுதிடறேன். என் புத்தியால வந்ததுன்னு எழுதிடறேன்."

"எழுது" என்றான் கடைக்காரன். "நல்லா எழுது. அப்பவாவது நாலு புள்ளை பொழைக்கட்டும்."

"அது மட்டும் எழுதினாப் பத்தாது அண்ணி" என்றாள் அவள். "ஆறு கிலோன்னு படம் போட்டிருக்கீங்க. தப்பாக் கலந்தேன்னு எழுதினா, அப்புறம் எப்படி ஆறு கிலோ வந்துச்சுன்னு கேப்பாங்க. கேக்காதவங்க ரெண்டு கரண்டியே போட்டுக்கிட்டு இருப்பாங்க."

நாத்தனார் விழித்தாள். "எப்படி வந்துச்சு? அதான் எனக்கும் அஞ்சு நாளாப் புரியல."

"இவர் சொல்லுவார்."

"வெளிய வா, பேசிக்கலாம்" என்றான் அவன்.

"அண்ணியை இங்க வச்சுத்தானே திட்டினே. இங்கயே சொல்லு."

"இங்க இருக்கிறவங்கல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். எட்டுக் கட்டிலில் மூன்று நாலு கட்டில்காரர்களாவது அவன் கடையில் வாங்குகிறவர்கள்.

"தெரியும். சொல்லு."

அவன் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். தராசு என்ற சொல் மட்டும் கேட்டது.

"சத்தமா."

"தராசு கூடக் காட்டும்க்கா." குரல் உடைந்து வந்தது. "நான்தான் வச்சேன். மழையில இன்னும் ஏத்தினேன். பாப்பா எடை ஏறல. நான் ஏத்தினதுதான் ஏறிச்சு."

வார்டில் சளிக்காரப் பையனின் இழுப்பு மட்டும் கேட்டது. நாத்தனார் தம்பியைப் பார்த்தாள்.  போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முதல் நாளுக்குப் பிறகு அவள் உள்ளே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பூட்டுக்கடைக்காரன் மனைவி கேட்டாள். "எத்தனை நாளா இது நடக்குது?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாத்தனார் பெருவிரலைப் போனில் வைத்துக்கொண்டு, "என்னன்னு எழுதட்டும்?" என்றாள்.

"கடை பேரைப் போடாதேக்கா" என்றான் கடைக்காரன்.

அவள் பாப்பாவின் வாயில் புட்டியை வைத்தாள். பாப்பா முகத்தைச் சுளித்து, பிறகு கவ்விக்கொண்டு இழுத்தது.

"டப்பாவுல நாலு கரண்டின்னு போட்டிருக்கிற தண்ணிக்கு நாலு கரண்டி பொடி. முதல்ல அதை எழுதுங்க" என்றாள். "அப்புறம், எங்க கடைத் தராசு பொய், அந்தப் படத்தை யாரும் நம்பாதீங்கன்னு எழுதுங்க. கடை பேரு போட்டு எழுதுங்க. நூத்தம்பது கொஞ்ச நாளா. அதுக்கு முன்னால நூறு. அதுக்கு முன்னால அம்பது, கடை திறந்த நாள்லருந்து." பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த அம்பது எனக்கும் தெரியும். நானும்தான் நிறுத்துப் போட்டேன். அதையும் எழுதுங்க."